அப்பத்தாவும் வரக்கூடிய நடை

மதுரைக்காரர்களுக்கு நடப்பதற்கு இரண்டே காரணம்தான் தெரியும். ஒன்று வேண்டுதல், இன்னொன்று சர்க்கரை. பழனிக்குப் பாதயாத்திரை போவோம், பௌர்ணமிக்குத் திருப்பரங்குன்றத்தைச் சுற்றி வருவோம். இல்லாவிட்டால் டாக்டர் சொல்லிவிட்டார் என்று ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கையை வீசிக்கொண்டு வட்டமடிப்போம். இந்த இரண்டிலும் சேராமல், ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு காலாற நடந்துவிட்டு வருகிறோம் என்று கிளம்பினால் பக்கத்து வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். “அங்க என்ன இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. கோயில் இருக்கிறதா, பிரியாணிக் கடை இருக்கிறதா, ஆளுக்கு எவ்வளவு டிக்கெட் என்று அடுத்தடுத்து வரும்.

எங்கள் வீட்டில் நடக்கிற கூட்டம் நான், வீட்டுக்காரர், ஐந்தாம் வகுப்பு மகள், ஒன்றாம் வகுப்பு மகன், முழங்கால் வலியோடு என் மாமியார். எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு அப்பத்தா. இத்தனை பேரும் ஒன்றாகப் போய், யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் ஒன்றாகத் திரும்பி வருவது ஒரு கலை. அது கொஞ்சம் கைவந்திருக்கிறது என்று நினைப்பதால் எழுதுகிறேன்.

முதலில் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து நடக்க மலையைவிடக் கண்மாய்க்கரைதான் நல்லது. மதுரையில் இதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கிற ஊர் இது. கிழக்கே யானைமலை, தெற்கே திருப்பரங்குன்றம், மேற்கே நாகமலை, வடக்கே அழகர்மலை. வெளியே போகலாம் என்று சொன்ன உடனே வீட்டு ஆண்களுக்கு ஏதாவது ஒரு உச்சிதான் கண்ணில் படும். உச்சி என்று ஒன்று வந்துவிட்டாலே வில்லங்கம். பெரியவள் முன்னால் ஓடிவிடுவாள், சின்னவன் பாதியில் உட்கார்ந்துவிடுவான், அத்தை “நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கனயே இருக்கேன்” என்று அடிவாரத்திலேயே தங்கிவிடுவார். ஒன்றாகக் கிளம்பிய குடும்பம் மூன்று கோஷ்டியாகிவிடும்.

கரையில் அந்தப் பேச்சே இல்லை. எங்கே வேண்டுமானாலும் திரும்பிக்கொள்ளலாம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், நடுவே டிராக்டர் போகிற அளவுக்கு மண்பாதை. வழி தவறவே முடியாது. கரை உயரமாக இருப்பதால் சமதளத்தில் நடந்துகொண்டே வெகுதூரம் பார்க்கலாம். புளியமரமும் பனையும் நிற்கும். மடைக்கு மடை உட்காரக் கல் இருக்கும். கரையின் ஒரு முனையில் பெரும்பாலும் ஒரு அய்யனாரோ முனியாண்டியோ கருப்போ காவலுக்கு இருப்பார். அவருக்கு ஒரு திண்ணையும் ஒரு நிழலும் இருக்கும். அத்தைக்கு அது போதும். நாங்கள் கலுங்கு வரை போய்த் திரும்புவதற்குள் அவர் அந்த ஊரில் ஒரு சொந்தம் கண்டுபிடித்துவிடுவார்.

இங்கிலாந்துக் கிராமங்களில் அடுத்தவர் வயலுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையில்கூட நடக்கிறவருக்குச் சட்டப்படி உரிமை உண்டு. பாதைக்கு அம்புக்குறி, வேலிக்கு ஆள் நுழையும் கதவு, எல்லாவற்றுக்கும் வரைபடம் என்று ஒழுங்காக வைத்திருக்கிறார்கள். அது சும்மா கிடைத்ததில்லை. 1932 ஏப்ரல் 24ஆம் தேதி மான்செஸ்டர் பக்கத்து மில் தொழிலாளிகளும் வேலையில்லாத இளவட்டங்களும் கூட்டமாகக் கிளம்பி, பெரிய மனிதர்கள் வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்த கிண்டர் ஸ்கௌட் மேட்டில் வேண்டுமென்றே ஏறி நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். நடக்கும் பாதைகளைப் பதிவு செய்து காக்கும் சட்டம் 1949இல்தான் வந்தது. நமக்கு அம்புக்குறி கிடையாது. ஆனால் கண்மாய் பொதுச்சொத்து. நூறு ஏக்கருக்கு மேல் பாயும் கண்மாய் பொதுவாக நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். கரை ஊருக்குப் பொதுவான நடைவழி. யாரும் “ஏன் வந்தீங்க” என்று மறிப்பதில்லை. “எந்த ஊர்த்தா?” என்று கேட்பார்கள், அவ்வளவுதான். அதற்கு நின்று பதில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பதில் சொல்லாமல் போனைப் பார்த்துக்கொண்டே கடந்து போகிறவர்களைத்தான் ஊர் சந்தேகப்படும்.

பழகுவதற்கு அவனியாபுரத்தைத் தாண்டியிருக்கும் சாமநத்தம் கண்மாய் நல்ல இடம். ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்த வருஷம் என்றால் மார்கழி, தை மாதங்களில் அங்கே பறவைகள் அடைந்து கிடக்கும். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நாமக்கோழி, நீர்க்காகம், சில சமயம் கூழைக்கடா. பேர் தெரிந்தால்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. என் மகனுக்குப் பிடித்தது முக்குளிப்பான் என்கிற சின்னஞ்சிறு பறவை. கைக்குள் அடங்குகிற அளவுதான், பழுப்பு நிறம், வால் இருக்கிற இடமே தெரியாது. மிதந்துகொண்டே இருக்கும், திடீரென்று காணாமல் போகும். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பிக்க வேண்டும். எங்கே மேலே வரும் என்று ஆளுக்கு ஒரு திசையைக் கைகாட்ட வேண்டும். பத்துப் பதினைந்து எண்ணுவதற்குள் யாரும் காட்டாத ஒரு திசையில் தலையை நீட்டும். இந்த ஆட்டத்துக்காக ஒரே இடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம். நடக்க வந்தவர்கள் உட்கார்ந்துவிட்டோமே என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். உட்காருவதும் நடையில் சேர்த்திதான்.

தூரத்தைப் பிள்ளைகளிடம் கிலோமீட்டரில் சொல்லவே கூடாது. “இன்னும் ஒண்ணரை கிலோமீட்டர்” என்று சொன்னால் ஆறு வயதுக்காரனுக்கு அந்த நிமிஷமே கால் வலிக்கும். அந்த ஒற்றைப் பனை வரைக்கும், அந்த மடை வரைக்கும், ஆடு நிற்கிறதே அது வரைக்கும் என்று சொன்னால் போய்க்கொண்டே இருப்பான். அந்த வயதில் போக வர மூன்று கிலோமீட்டர் என்பதே தாராளம். குடும்பத்தின் வேகம் சின்னவனின் வேகம்தான் என்று வீட்டை விட்டு இறங்கும்போதே பெரியவர்கள் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். எட்டாயிரம் அடி, பத்தாயிரம் அடி என்று கையில் கணக்கு ஓடுகிற வாட்சைக் கழற்றிவைத்துவிட்டு வருவது உத்தமம்.

நேரம் மட்டும் விட்டுக்கொடுக்க முடியாத விஷயம். மதுரையில் நடையை நிர்ணயிப்பது வெயில். தை மாதத்தில் சூரியன் ஆறரை மணி வாக்கில் உதிக்கிறது. அந்த நேரத்துக்கு நாம் கரையில் இருக்க வேண்டும், ஒன்பது மணிக்குத் திரும்பிவிட வேண்டும். மாசி பிறந்தால் எட்டரை. சித்திரை, வைகாசியில் பகலில் வெளியே போவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். சாயங்காலம் போகலாமே என்பார்கள். கண்மாய்க்குப் போகலாம், மலைக்கு வேண்டாம். பகல் முழுக்க வாங்கிய வெயிலைப் பாறை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டிருக்கும். தவிர அந்திக்குப் பாம்பு நடமாட்டம் அதிகம். புரட்டாசியில் இருந்து மாசி வரைக்கும்தான் எங்கள் காலம். நடுவில் மழை வந்தால் கரை வழுக்கும். களிமண் செருப்பில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு காலும் ஒரு கிலோ கனக்கும். மழை விட்டு இரண்டு நாள் பொறுத்துப் போனால் மண் இறுகியிருக்கும், தண்ணீரும் தெளிந்திருக்கும்.

கண்மாய் நடையில் பயப்பட வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: தண்ணீர். ஓரத்தில் முழங்கால் அளவுதான் இருக்கிறது என்று பிள்ளைகளை இறங்க விடவே கூடாது. சவுடு மண் அள்ளிய குழிகள் உள்ளே எங்கெங்கே இருக்கின்றன என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஓரடி தள்ளினால் ஆள் உயரத்துக்குப் பள்ளம் இருக்கும், அடியில் சகதி காலைப் பிடிக்கும். மேலூர்ப் பக்கம் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு எச்சரிக்கை. கிரானைட்டுக்காக வெட்டிப் போட்ட பள்ளங்களில் மழைத்தண்ணீர் நின்று பச்சை நிறத்தில் பளபளவென்று இருக்கும். போட்டோ எடுக்க ஆசையாக இருக்கும். செங்குத்துச் சுவர், பிடிமானம் கிடையாது. அந்தப் பக்கமே வேண்டாம்.

இத்தனை சொன்ன பிறகும் பிள்ளைகள் மலை கேட்கத்தான் செய்வார்கள். அப்படியானால் கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போங்கள். தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம் பிரிந்து உள்ளே போனால் சமணர் மலை அடிவாரம். அடிவாரத்தில் அய்யனார் கோயில், கோயில் முன்னால் தாமரைக்குளம், பெரிய ஆலமரம். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய எல்லாமே தரையிலேயே இருக்கிறது. அத்தை இங்கே உட்கார்ந்தால் அது அவரை விட்டுவிட்டுப் போனதாக ஆகாது. ஆலமரத்தடியில் எந்நேரமும் ஆள் இருக்கும், பேச்சு இருக்கும்.

கோயிலை ஒட்டி ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வெட்டிய படிகள் உண்டு. மூச்சு வாங்குவதற்குள் ஒரு சுனையும், அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்களும் வந்துவிடும். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. இங்கே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வரலாற்றுப் பாடம் நடத்தாதீர்கள். “இதுல பாம்பு யாருக்குக் குடை பிடிக்குது, கண்டுபிடி” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பார்சுவநாதரை அவர்களே கண்டுபிடித்துவிட்டு வந்து பேர் கேட்பார்கள். அப்போது சொன்னால் மறக்காது. சிற்பங்களுக்குக் கீழே வட்டெழுத்தில் பொறித்திருக்கிறது. செய்து கொடுத்தவர் யார், அவர் எந்த ஊர் என்கிற விவரம். தெரிந்த எழுத்து ஒன்றுகூட அதில் இல்லை, ஆனால் இதுவும் தமிழ்தான் என்றபோது என் மகள் நம்பவில்லை. கை வைக்காமல் விரலைக் காற்றில் ஓட்டி அந்த வளைவுகளை எழுதிப் பார்த்தாள். சிற்பத்தின் மேல் கை வைக்கக் கூடாது, சாக்பீஸ் தேய்த்துப் படிக்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது. இந்த மூன்றையும் படி ஏறும்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் அதட்டலாகிவிடும்.

இன்னும் மேலே ஏறினால் ஒரு பழைய சமணப் பள்ளியின் அடித்தளம் மட்டும் கிடக்கிறது. பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்து மாதேவிப் பெரும்பள்ளி. ஒன்பதாம் நூற்றாண்டு. பெரும்பள்ளி என்றதும் பிள்ளைகள் “ஸ்கூலா?” என்றார்கள். பாதி சரி என்றேன்.

அதே மலையின் தென்மேற்குப் பக்கம் செட்டிப்புடவு. ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். குகை வாசல் பக்கத்தில் பெரிய மகாவீரர். ஊர்க்காரர்கள் அவரைச் செட்டியார் என்று நினைத்ததில் வந்த பெயர் என்கிறார்கள். காது நீண்ட, வயிறு தெரிகிற, சம்மணமிட்ட உருவம். உள்ளே குனிந்து போனால் மேலே வரிசையாக ஐந்து சிற்பங்கள். முதல் சிற்பத்தில் சிங்கத்தின் மேல் ஏறிய ஒரு பெண் வில்லோடு யானையை எதிர்க்கிறாள். யானை மேல் ஒரு வீரன். நடுவே மூன்று தீர்த்தங்கரர்கள் முக்குடையின் கீழ் அமைதியாக உட்கார்ந்திருக்க, இந்த ஓரத்தில் ஒரு சண்டை. யார் ஜெயிப்பார் என்று கீழே இறங்கும் வரை பிள்ளைகள் விவாதம் பண்ணினார்கள். வில் அவள் கையில் இருப்பதால் அவள்தான் என்று முடிவானது.

மலையில் பார்த்துக்கொள்ள வேண்டியது தேனீ. பாறை விளிம்புகளில் பெரிய தேனடைகள் தொங்கும். சென்ட் அடித்துக்கொண்டு போகக் கூடாது, கூச்சல் போடக் கூடாது, கல் எறிவது அறவே கூடாது, அடிவாரத்தில் யாராவது புகை போட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஏற வேண்டாம். அழகர்கோவில் பக்கம் போனால் தேனீக்குப் பதிலாகக் குரங்கு. நூபுர கங்கைக்கு ஏறும் வழியில் கையில் பிளாஸ்டிக் பை ஒன்று தெரிந்தால் போதும். துணிப்பையில் போட்டு முன்பக்கமாக மாட்டிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதிக்கு வழியில்லை.

சாப்பாட்டு விஷயம். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லிக்கு மிஞ்சியது கிடையாது. முந்தின ராத்திரியே தடவி வாழையிலையில் கட்டிவிட்டால் காலையில் கொஞ்சம் கரகரப்பும் காரமுமாக ஊறியிருக்கும், தட்டு வேண்டாம், கை கழுவத் தண்ணீரும் அதிகம் வேண்டாம். சிப்ஸ் பாக்கெட் கொண்டுபோனால் வெறும் பாக்கெட்டை யார் பையில் வைப்பது என்று ஒரு சண்டை வரும், எப்படியும் ஒன்று காற்றில் பறக்கும். தண்ணீர் ஆளுக்கு ஒரு லிட்டர், பெரியவர்களுக்கு அதற்கு மேலும். கோடையில் தப்பித்தவறிப் போக நேர்ந்தால் வழியில் பதநீரும் நுங்கும் கிடைக்கும். பெண்களுக்கு இன்னொன்று, யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன்: இந்த இடங்கள் பலவற்றில் கழிப்பறை வசதி இல்லை. இருந்தாலும் பூட்டியிருக்கலாம். வரும் வழியில் பெட்ரோல் பங்க்கில் நிறுத்திவிட்டு வாருங்கள். அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள்.

காலுக்கு என்ன போடுவது என்பது மதுரைப் பக்கத்தில் பெரிய கேள்வி. காரணம் சீமைக்கருவேலம். கண்மாய் உள்வாய், கரை ஓரம், வண்டிப்பாதை எல்லாம் அது பிடித்துக் கிடக்கிறது. அந்த முள் ரப்பர் செருப்பை அடியிலிருந்து துளைத்து மேலே வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட ஷூவே போதும், அடிப்பாகம் கெட்டி. அப்படியும் முள் குத்தும். எங்கள் அத்தையின் சாவிக்கொத்தில் ஒரு முள்வாங்கி தொங்குகிறது. அவர் அம்மா வீட்டிலிருந்து வந்தது. முனை சேரும் இடத்தில் தலைமுடியைக்கூடப் பிடித்து இழுக்கும். முள் தைத்த இடத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அமுக்கி, முள் லேசாகத் தலைதூக்கியதும், உள்ளே போன வழியிலேயே நேராக வெளியே இழுக்க வேண்டும், பக்கவாட்டில் நெம்பினால் முனை உள்ளே ஒடிந்துவிடும் என்பது அவர் பாடம். இழுத்த பிறகு மஞ்சளும் நல்லெண்ணெயும் சூடு பண்ணி வைப்பார். நான் டிடி ஊசிக் கணக்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன். நடைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சாவிக்கொத்துக்கு மரியாதை வந்துவிடுகிறது. அத்தை வராத நடையில் முள்வாங்கியும் இல்லை என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துபோனது.

ரயிலில் போய் நடக்கிற ஒரு நடையும் இருக்கிறது. திண்டுக்கல் பாதையில் சோழவந்தான். ஜன்னல் ஓரம், முறுக்கு, பாலம் என்று பிள்ளைகளுக்கு அதுவே பாதி ஊர்வலம். இறங்கினால் வைகைப் பாசனம். மதுரையின் கந்தக பூமியை மட்டுமே பார்த்தவர்களுக்கு இந்தத் தென்னந்தோப்பும் வாழையும் நெல்லும் ஆச்சரியமாக இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சோழவந்தான் வெற்றிலை விளையும் கொடிக்கால்களும் இங்கேதான். கொடிக்காலை வெளியிலிருந்து பார்த்தால் அகத்தித் தோப்பு மாதிரித் தெரியும். அகத்தி நெருக்கமாக வளர்ந்து மேலே நிழல் கட்டும், அதைப் பற்றிக்கொண்டு வெற்றிலைக் கொடி ஏறும். உள்ளே வெயில் இறங்காது, தரை ஈரமாக, குளுகுளுவென்று இருக்கும். கேட்காமல் நுழையக் கூடாது, நுழைந்தால் செருப்போடு போகக் கூடாது. கொடிக்காலை அவர்கள் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். நாங்கள் கேட்டபோது தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பெரியவர் அத்தையைப் பார்த்து, “வாங்கத்தா, வெத்தலை போடுவீகளா?” என்றார். அத்தை போடுவார். பறித்த கையோடு கொடுத்த வெற்றிலையை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கடையில் வாங்குவதெல்லாம் இனிமேல் தழைதான் என்று சொல்லிவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றார் பெரியவர். ஒரு கவுளி விலைக்கு வாங்கிக்கொண்டோம். கிராமத்தில் நடந்துவிட்டு வரும்போது எதையாவது ஒன்றை அங்கேயே வாங்குவது எங்கள் வழக்கம். தேங்காய், கீரை, கொய்யா, எதுவானாலும் சரி.

வரப்பில் நடக்கும்போது ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். எதிரே தலைச்சுமையோடு ஆள் வந்தால் இறங்கி வழிவிட வேண்டியது சும்மா வருகிற நாம்தான், சுமையோடு வருகிறவர் இல்லை. படித்துறை, கிணற்றடிப் பக்கம் போனை வெளியே எடுக்கவே கூடாது. கோயில்காடுகளுக்குப் போனால் செருப்பை வெளியே விட வேண்டும், ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது, பெண்கள் போகலாமா என்பதை ஊராரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடாது என்று சொன்ன இடத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. விருந்தாளியாகப் போன இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மகள் கேட்டாள், வீட்டுக்கு வந்து பேசினோம்.

மலையும் கண்மாயும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டி. மதுரையிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஏழு குன்றுகள், அவற்றின் காலடியில் கண்மாய்கள், பாறை இடுக்குகளில் சுனைகள். பாண்டியர் குடைந்த சிவன் கோயில் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அபூர்வமான லகுலீசர் சிற்பம் அதில் இருக்கிறது. இன்னொரு பக்கம் சமணப் படுக்கையும் தமிழி எழுத்தும். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022 நவம்பரில் இந்த ஊரையும் பக்கத்து மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேருக்கு அரசு அறிவித்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லி கழுகு என்று வேட்டைப் பறவைகளுக்குப் பேர்போன இடம். பைனாகுலர் ஒன்றாவது இருந்தால் நல்லது. ஒன்றே ஒன்று இருந்தால் ஆளுக்கு இருபது எண்ணும் வரை என்று முறை வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கழுகு போன பிறகுதான் கைக்கு வரும்.

அங்கே போனபோது கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா எங்களை நிறுத்தி, “நீங்க எந்த டிபார்ட்மெண்டு?” என்று கேட்டார். கேள்வியின் காரணம் உடனே புரிந்தது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலம் முடிந்ததாகச் செய்தி வந்ததிலிருந்து, இந்தப் பக்கத்து ஊர்களில் புது முகம் என்றால் சர்வே எடுக்க வந்தவராகத்தான் தெரிந்தது. டிசம்பர் 9ஆம் தேதி சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கான பேர் நடந்தே வந்தார்கள். கைப்பிள்ளையோடு வந்த பெண்கள், கம்பு ஊன்றிய கிழவர்கள். ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. கிண்டர் ஸ்கௌட் மேட்டில் ஏறியவர்கள் நடக்கும் உரிமைக்காக நடந்தார்கள், இவர்கள் நடக்கிற மண்ணுக்காக நடந்தார்கள். “டிபார்ட்மெண்டு இல்லம்மா, சும்மா பிள்ளைகளுக்குக் காட்ட வந்தோம்” என்று சொன்னதும் அந்த அம்மா முகம் மாறியது. “காட்டுங்க, நல்லாக் காட்டுங்க” என்று சொல்லி, சுனைக்குப் போகிற வழியைக் கைநீட்டிக் காட்டினார்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் பசுமை நடை என்கிற அமைப்போடு சேர்ந்துகொள்ளலாம். 2010இல் யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை கிளம்பியபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் தொடங்கியது. மதுரையைச் சுற்றியுள்ள மலைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் கூட்டமாகப் போவார்கள், தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் அந்த இடத்திலேயே நின்று விளக்குவார்கள். எங்களுக்கு யானைமலை அப்படித்தான் பழகியது. அதன் அடியில் நரசிங்கத்தில் கி.பி. 770இல் குடைந்த நரசிங்கப் பெருமாள் கோயில், சற்றுத் தள்ளி முருகனுக்கு லாடன் கோயில். இரண்டுக்கும் பெரிய ஏற்றம் கிடையாது, அப்பத்தாக்களுக்கு ஏற்றது. கூட்டத்தோடு போவதில் ஒரு குறை: முக்குளிப்பானுக்காக அரைமணி நேரம் உட்கார முடியாது.

ஒரு இடம் பாக்கி. கள்ளந்திரி வழியாக ஓடும் பெரியாறு பிரதானக் கால்வாய். 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையில் திரும்பிய தண்ணீர், மலையைக் குடைந்து வந்து, வைகை அணையில் தேங்கி, பேரணையில் பிரிந்து இங்கே வந்து சேர்கிறது. கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதைத் தாண்டி மேலூர்ப் பக்கம் ஒருபோகம். கால்வாய்க்கரை நல்ல நடை, ஆனால் தண்ணீர் வேகம் அதிகம். விழுந்தால் ஏறப் பிடிமானம் இருக்காது. பிள்ளைகள் வயல் பக்கம், பெரியவர்கள் தண்ணீர்ப் பக்கம் என்று பிரித்துக்கொண்டு நடக்க வேண்டும். அணையில் இருப்பு இருக்கிற வருஷத்தில் ஜூன் வாக்கில் “கள்ளந்திரி வரையிலான 45,041 ஏக்கர் இருபோகப் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பு” என்று பேப்பரில் வரும். அதைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். திறந்த வாரமே போனால் உழவைத்தான் பார்க்கலாம். எங்கள் நடைக்காலத்துக்கு வெளியே என்றாலும், ஒரு மாதம் விட்டு, விடிந்ததும் போனால் நடவு நடக்கும். அத்தை வரப்பில் உட்கார்ந்து, நாற்று முடியை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். பாலத்தடி டீக்கடை எட்டு மணிக்கெல்லாம் வடையை முடித்துவிடுகிறது, அதற்குள் போய்விடுங்கள்.